உள்ளே ஒன்றேகால் இன்ச்

நிலாவூரில் வேப்பமரம் பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று இலைகளை உதிர்க்கும். நான்காவது இலை விழுந்து நான் பார்த்ததில்லை. அந்த மரத்தடியில்தான் என் மேசை. ‘மனு மரகதம்’ என்று பலகை வைத்திருக்கிறேன். நேர் எதிரே சரிபார்ப்பு மண்டபம்.

நிலாவூர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கேயும் இல்லை. கண்ணாடியை மாட்டிக் கையுறையைப் போட்டுக்கொண்டால் வந்துவிடும். நான் உட்கார்ந்திருப்பது என்னவோ திண்டுக்கல்லில் என் வீட்டு நாற்காலியில்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் பதினெட்டு வருடம் மனு எழுதியவள் நான். ஜனங்கள் கடை, கல்யாணம், சண்டை எல்லாவற்றையும் நிலாவூருக்கு மாற்றிக்கொண்டபோது நானும் மேசையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன். முதல்நாள் உடல் தேர்ந்தெடுக்கச் சொல்லி அளவு கேட்டார்கள். சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து வருடத்துக்கு முந்தைய உண்மையைச் சொன்னேன்.

என் பிழைப்பு முழுக்கப் பதினேழாம் விதியால் ஓடுகிறது. ‘ஓர் ஆளுக்கு ஓர் உடல், ஓர் உடலுக்கு ஓர் ஆள்.’ உங்கள் அக்கவுண்டுக்குள் கட்டிய புருஷன்கூட நுழையக் கூடாது. நுழைந்தது தெரிந்தால் உங்கள் நிலாவூர் உடல் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். ஆனால் பெரிய ஜவுளி மாளிகைகள் ‘நிறுவன உரிமம்’ வாங்கிக்கொள்ளும். அங்கே ஒரே உடலுக்குள் நாற்பது ஊழியர்கள் மாறி மாறிப் புகுந்து ‘வாங்கம்மா, வாங்க’ என்பார்கள். சட்டப்படி அது ஓர் ஆள். பெட்டிக்கடைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் அவர் மனைவி பத்து நிமிடம் நின்றால் அது மோசடி. இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சல்தான் சோறு போடுகிறது என்பதால் ரொம்ப நேரம் நினைப்பதில்லை.

உடல் உறைந்து போனவர்கள் என்னிடம் விருந்தாளி உடலில் வருவார்கள். விருந்தாளிகள் எல்லாருக்கும் ஒரே சாம்பல் நிறம், ஒரே முகம், ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரே குரல். யார் எவரென்று தெரியாது என்று எல்லாரும் நம்புகிறார்கள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். பரோட்டா மாஸ்டர் பேசும்போது உள்ளங்கை தானாக வீசும். கண்டக்டருடைய விரல் எச்சில் தொட்டுக் காகிதம் கிழிக்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒரு சாம்பல் உருவம் வந்து எதிரில் உட்கார்ந்தது.

“ஏனுங்கக்கா, கடை முடங்கிப் போச்சுங்க.”

சொல்லிக்கொண்டே அதன் வலது கை கழுத்துக்குப் போனது. அங்கே இல்லாத எதையோ பிடித்து இழுத்தது. வெறும் கையாகத் திரும்பி வந்தது. டேப். கழுத்தில் டேப் தொங்கவிட்டே பழகிய தையல்காரி.

எனக்குத் திக்கென்றது. இதே கையை இதே மாதத்தில் இரண்டு தடவை பார்த்திருந்தேன். ஒரு சாம்பல் உருவம் வந்து பெயர் போடாத புகார் ஒன்று எழுதிக்கொண்டு போனது. ‘வாணி பிளவுஸ் கடையின் உடலை இருவர் பயன்படுத்துகிறார்கள். தகாதவரை வெளியேற்றிக் கடையை உரியவரிடமே விட்டுவிட வேண்டுகிறேன்.’ நான்கு நாள் கழித்து மறுபடி வந்து அதையே எழுதச் சொன்னது. மறதி போலிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புகார் எழுதுபவள் துருவித் துருவிக் கேட்கக் கூடாது.

“கடை பேரு என்னம்மா?” என்றேன்.

“வாணி பிளவுஸுங்க.”

அவள் நீட்டிய நோட்டீஸை வாங்கிப் பிரித்தேன்.

அவள் பெயர் கோகிலவாணி. திருப்பூர்க்காரி. இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு நேரில் போகிறவர்களைவிட நிலாவூரில் போய் நிற்பவர்கள் அதிகம். அங்கே போட்டுக்கொள்ள அவர்களுடைய உடலுக்கு ஜாக்கெட் வேண்டும். நான்கு வருடமாக அதைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“தனியாவா தச்சே?”

சாம்பல் முகம் கீழே பார்த்தது. “காலைல நானுங்க. மத்தியானத்துக்கு மேல என்ற ஓரகத்தி. சிந்துஜான்னு பேரு. கொழுந்தன் சம்சாரம். வீட்டுல ஒரே கண்ணாடி, ஒரே ஜோடி கையுறைங்க. கடையச் சாத்துனா நட்சத்திரம் கொறஞ்சு போயிருதுங்களே, அதான் ஷிப்டு போட்டுக்கிட்டோம்.”

“அவளையும் கூட்டிட்டு வா.”

“அவகூட நான் பேசி ரண்டு வருசமாச்சுங்க.”

“ஒரே உடம்புக்குள்ள ரெண்டு வருஷம் பேசாம இருந்தீங்களா?”

“ஆர்டர் சீட்டுல எழுதி வெச்சிருவமுங்க. ‘கை நீளம் கொற’ன்னு நான் எழுதுவன். ‘எனக்கும் கண்ணு தெரியுது’ன்னு அவ எழுதுவா.”

சண்டையின் மூலம் ஒரு கழுத்து. வாடிக்கைக்கார அம்மா ஒருத்திக்குக் கோகிலவாணி ஒப்புக்கொண்டதைவிடச் சிந்துஜா கழுத்தை இரண்டு விரல்கடை இறக்கி வெட்டிவிட்டாள். ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கோகிலவாணி கத்தினாள். அன்றைக்கே வீட்டில் அடுப்பு இரண்டாகிவிட்டது. அந்த இரண்டு அடுப்பும் இப்போது எரிவது இந்தக் கடையால்தான்.

“வெள்ளிக்கிழமை விசாரணை,” என்று நோட்டீஸைப் படித்துச் சொன்னேன். “ஒரே ஆள்னு நிரூபிக்கணும். இல்லேன்னா கடை போச்சு. அந்த உடம்பைப் பயன்படுத்தின ரெண்டு பேரும் ஆயுசுக்கும் நிலாவூர்ல கால் வைக்க முடியாது.”

“ரண்டு பேருமுங்களா?”

அந்தக் குரல் ரயில்வே அறிவிப்புக் குரல்தான். ஆனாலும் அது உடைந்தது. “தகாத ஆள மட்டுந்தானுங்க வெளியேத்துவாங்க?”

‘தகாத’ என்ற அந்தச் சொல்லை எங்கே கேட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைக்காரிக்கும் நோட்டீஸைப் படித்துக் காட்டியிருப்பார்களே, அதில் இருந்தும் வந்திருக்கலாம். எதையும் காட்டிக்கொள்ளாமல் அவளை மண்டப வாசலில் இருந்த பரிசோதனைப் பலகைக்கு அழைத்துப் போனேன்.

“இதுல கை வை. ஒவ்வொருத்தருக்கும் நடத்தை ரேகைன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்காங்க. கை எப்படி அசையுது, எங்க தயங்குது, பேச்சுல எங்க மூச்சு விடுறேன்னு எல்லாம் அதுல இருக்கும். தொண்ணூறுக்கு மேல பொருந்தினா நீதான் நீ.”

பலகையில் ஐம்பத்திரண்டு என்று விழுந்தது.

“நாந்தானுங்களே நானு?” என்றாள் பாவமாக.

“நாலு வருஷமா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உள்ள போயிருக்கீங்க. வாணின்னா யாருன்னு அது உங்க ரெண்டு பேரையும் கலந்து கத்துக்கிட்டிருக்கு. நீ பாதி வாணிதான்.”

மதியம் இரண்டு மணிக்கு அடுத்த சாம்பல் உருவம் வந்தது. உட்காருவதற்கு முன்பே கை கழுத்துக்குப் போய்த் திரும்பியது. ஒரே கண்ணாடி உள்ள வீடு அல்லவா, விருந்தாளியாக வருவதற்கும் ஷிப்டு.

சிந்துஜா வாயாடி. “அக்கா, அவிய வந்துட்டுப் போனாங்களா? என்னயப் பத்தி என்ன சொன்னாங்க?” என்றுதான் தொடங்கினாள். ஆயுள் தடை என்றதும் கை மறுபடி கழுத்துக்குப் போனது.

“ரண்டு பேருக்குமா? அப்பிடி இருக்காதுங்களே!” என்றாள்.

காலையில் எனக்குச் சிந்துஜா மேல் சந்தேகம். கோகிலவாணி போன பிறகு கோகிலவாணி மேல் சந்தேகம். இப்போது மறுபடி சிந்துஜா. புகார் எழுதினவள் இவர்களில் ஒருத்தி, தன்னை ‘உரியவள்’ என்று நினைத்துக்கொண்டு எழுதிவிட்டாள், தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். எவள் என்பதுதான் தெரியவில்லை.

பலகையில் சிந்துஜாவுக்கு நாற்பத்தேழு வந்தது.

“அவியளுக்கு எவ்ளோங்க?”

“ஐம்பத்திரண்டு.”

“கூட்டுனா தொண்ணூத்தொம்பது,” என்றாள் உடனே. “மிச்சம் ஒண்ணு கரண்ட் போன நேரமா இருக்குமுங்க.”

நான் சிரித்துவிட்டேன். வழியும் அங்கேதான் கிடைத்தது.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள போனா என்ன?” என்றேன். “ஆளுக்கொரு கையுறை. கண்ணாடியோட வாரைக் கழட்டிட்டு ஆளுக்கொரு கண்ணு. யார் பேசினாலும் வெளியில வாணி குரல்தானே வரும்.”

“அவிய பக்கத்துல நான் உக்கார மாட்டனுங்க.”

“அப்ப ஆயுசுக்கும் தனித்தனியா உக்காந்துக்கங்க. வெளியில.”

அன்றைக்கே மனு எழுதினேன். ‘உயர்திரு அய்யா அவர்களுக்கு’ என்றுதான் தொடங்கினேன். சரிபார்ப்பு அலுவலர் வெறும் இயந்திரம். ஆனால் ‘அய்யா’ போட்ட மனு போடாத மனுவைவிட இரண்டு நாள் முன்னதாக நகர்கிறது. எட்டு வருடமாகக் கவனித்து வருகிறேன். அதைப் பழக்கியவர்கள் நம் ஊர் ஃபைல்களைக் கொடுத்துத்தான் பழக்கியிருக்க வேண்டும். ஜவுளி மாளிகையில் நாற்பது பேர் ஓர் ஆளாகும்போது ஒரு தையல்காரி ஓர் ஆளாக இருக்கக் கூடாதா என்று ஒரு வரியைச் செருகினேன். வயிற்றெரிச்சலுக்கு ஒரு வரியாவது எழுதிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாணியின் உடலை ஒரு மணி நேரத்துக்கு அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வாரமாகக் கடை வாசலில் டேப்பை நீட்டியபடி உறைந்து நின்ற உடல். போகிற வருகிறவர்களெல்லாம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது மண்டபத்துக்குள் நடந்து வந்தபோது தலை மட்டும் அடிக்கடி வெட்டி இழுத்தது.

“சித்த தள்ளுங்க, மூக்கு இடிக்குது,” என்றாள் வாணி.

“உன்ற மண்டைய எடு மொதல்ல,” என்றும் வாணியே சொன்னாள்.

திருப்பூரில் ஓர் அறையில் இரண்டு பெண்கள் ஒரே கண்ணாடிக்குள் ஆளுக்கொரு கண்ணை நுழைத்து, கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அலுவலர் சஃபாரி சூட்டில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. “இந்த உடலின் உரிமையாளர் நீங்கள் ஒருவர்தானே?”

“ஆமாங்க,” என்றாள் வாணி. “ஒருத்திதானுங்க,” என்று அதே மூச்சில் குறுக்கே விழுந்தாள்.

“இருமுறை பதிலளிக்கிறீர்கள்.”

“அய்யா, அவங்க ஊர்ப்பக்கம் மரியாதைக்கு ரெண்டு தடவை சொல்றது வழக்கம்,” என்றேன் நான். திருப்பூர்க்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அலுவலர் ஒரு ஜாக்கெட் வெட்டித் தைக்கச் சொன்னது. இடது கை துணியை விரித்தது. வலது கை கத்தரியை எடுத்தது. பலகையில் எண் எண்பதில் தொடங்கி மெல்ல ஏறியது. கழுத்துக்கு வந்ததும் இடது கை துணியைச் சட்டென்று பின்னால் இழுத்தது.

“அவ்ளோ எறக்காதே.”

“நாந்தான வெட்டறன்? கம்முனு இருங்க.”

“போன தடவை கம்முனு இருந்துதான் ஒத்த நட்சத்திரம் வாங்கினோம்.”

“அந்தம்மாவே கேட்டுச்சு, எறக்கினன். ஆர்டர் சீட்டுல எழுதியும் வெச்சன். நீங்க படிக்கல. படிக்காம வாசல்ல நின்னு கத்துனீங்க. பால்காரன் நின்னு பாத்தானுங்க, தெரியுமா? என்ற புள்ள ‘ஏம்மா பெரியம்மா உன்னயத் திட்டுது’ன்னு கேட்டான்.”

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஒரே முகம், ஒரே குரல், தன்னைத் தானே ஏசிக்கொண்டு நின்றது. இடது கை அசையாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் துணியை விட்டது.

“சீட்டு எழுதி வெச்சியா? நான் பாக்கலையே,” என்றாள் வாணி. கொஞ்சம் பொறுத்து, “கத்துனது தப்புத்தான்,” என்றாள்.

வலது கை கழுத்தை வெட்டியது. முதலில் வெட்டப் போன அளவுக்கு இறக்காமல், ஒரு விரல்கடை மேலேயே வெட்டியது. அதற்குப் பிறகு இரண்டு கைகளும் பேசாமல் தைத்தன. எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. நிலாவூர் உடலுக்குக் கண்ணீர் தனி விலை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அலுவலர் ஜாக்கெட்டை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தது.

“இவ்வூரில் எவருடைய உடலும் பருக்காது, இளைக்காது. ஆயினும் தையலுக்கு உள்ளே ஒன்றேகால் இன்ச் துணியை மடித்து விட்டிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு ரவிக்கையிலும் இது இருக்கிறது. இதனால் பயன் ஏதுமில்லை. ஏன் விடுகிறீர்கள்?”

“நாளைக்குப் பிரிச்சு விடோணுமில்லீங்களா?”

இந்தத் தடவை குறுக்கே யாரும் விழவில்லை. இரண்டு வாயும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்லின. இப்படி ஒரு கேள்வி கேட்பார்களா என்ற ஆச்சரியம்கூட ஒன்றாகவே இருந்தது. பலகையில் தொண்ணூற்றொன்பது விழுந்தது.

அலுவலர் எழுந்து தீர்ப்பைப் படித்தது. “இந்நபர் தம்மோடு தாமே ஓயாது முரண்படுகிறார். தம் பழைய செயலுக்குத் தம்மிடமே வருத்தம் தெரிவிக்கிறார். மோசடி செய்யும் இருவர் முன்கூட்டியே பேசி வைத்து ஒத்துப்போவார்கள். ஆகவே இவர் ஒருவரே. கடையைத் திறக்கலாம். இனி நுழையும் ஒவ்வொரு முறையும் இதே ரேகை பொருந்த வேண்டும்.”

“ஒவ்வொரு தடவையுமா?” என்றாள் வாணி கலவரத்தோடு.

“ஒவ்வொரு முறையும்.”

ஷிப்டு ஒழிந்தது. இனி கடை திறக்க வேண்டுமானால் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டித்தான் ஆக வேண்டும். அந்த இயந்திரம் எல்லாம் தெரிந்தே இதைச் செய்ததா என்று அதன் முகத்தை உற்றுப் பார்த்தேன். அது அடுத்த ஃபைலைத் திறந்துகொண்டிருந்தது.

தீர்ப்பின் நகல் மனு எழுதியவளுக்குத்தான் வரும். மரத்தடிக்கு வந்து இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். நான்கு வரி இருந்தது. ‘இக்கடை மீது வந்த பெயரில்லாப் புகார்கள் இரண்டு. முதல் புகார்தாரரின் ரேகையும் இரண்டாம் புகார்தாரரின் ரேகையும் வேறுபடுகின்றன. இரண்டையும் சேர்த்தால் உரிமையாளரின் ரேகையோடு பொருந்துகின்றன. ஒருவர் தம்மீது தாமே புகார் கொடுப்பது குற்றமாகாது. தள்ளுபடி.’

மூன்று இலைகள் விழுந்தன. நான் அந்தப் பக்கத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன். மறதியுமில்லை, ஒன்றுமில்லை. ஒருத்தியை ஒருத்தி ஒழித்துக்கட்ட, நான்கு நாள் இடைவெளியில், இரண்டு பேரும் என்னிடமே வந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஒரு சாம்பல் உருவம் வந்தது. கை கழுத்துக்குப் போய்த் திரும்பியது.

“ஏனுங்கக்கா, அந்தப் புகாரு எழுதுனது யாருன்னு ஆபீசுல சொல்லீருவாங்களா?”

“சொல்ல மாட்டாங்க.”

“தீர்ப்புல ரண்டாம் பக்கம் ஒண்ணு இருந்துச்சாமே?”

“பொதுவான விதிங்கதான். யாரும் படிக்கிறதில்லை.”

“எழுதுனவளுக்குச் சோறே எறங்கலைங்க,” என்றது அந்த உருவம். “கூட இருக்கறவ பாட்டுக்கு நாலு நேரமும் எனக்கு டீ போட்டுக் குடுக்கறா. மொகத்தப் பாக்க முடியலைங்க.”

இரண்டு நாள் கழித்து இன்னொரு சாம்பல் உருவம் வந்தது. அதே கை, அதே கேள்வி. டீ போட்டுக் கொடுப்பது யார் என்று அப்போது தெரிந்தது. “நான் பண்ணுன காரியத்துக்கு டீயாவது போட்டுக் குடுக்கோணுமில்லீங்க? அவிய என்னடான்னா பெரிய அடுப்புல எனக்கும் சேத்துச் சோறாக்கறாங்க. அவியளுக்குத் தெரிஞ்சா அவ்ளோதானுங்க.”

“தெரியாது. போய்க் கடையைப் பாரு,” என்றேன்.

ஆளுக்கு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் மறுபடி இரண்டு அடுப்பு எரிந்திருக்கும். உண்மையைப் பேச வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் பேசிக்கொள்ளட்டும். வாணி பிளவுஸில் இப்போது ஐந்து நட்சத்திரம். கடைக்காரி வேலை நேரத்தில் தனக்குத் தானே பேசிச் சிரித்துக்கொள்கிறாள் என்று மட்டும் வாடிக்கைக்காரர்கள் எழுதுகிறார்கள்.

போன வாரம் திண்டுக்கல் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. திருப்பூர் முகவரி. உள்ளே நிஜமான ஜாக்கெட் ஒன்று, மயில்கழுத்து நிறம், ஒரு சீட்டு: ‘அக்காவுக்கு. அவகிட்ட சொல்லீராதீங்க.’ மூன்றாம் நாள் அதே முகவரியில் இருந்து இன்னொரு பார்சல். மாம்பழ மஞ்சள், இன்னொரு கையெழுத்து: ‘அக்காவுக்கு. அவியகிட்ட சொல்லீராதீங்க.’

போட்டுப் பார்த்தேன். இரண்டுமே கொக்கி எட்டவில்லை. நிலாவூரில் என்னைக் கண்ணால் அளந்துதான் தைத்திருப்பார்கள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய உண்மை முதுகுப்பக்கம் நான்கு விரல்கடை இடைவெளி விட்டு நின்றது. கழற்றி உள்பக்கம் திருப்பினேன். மயில்கழுத்திலும் மஞ்சளிலும் இரண்டு ஓரத்திலும் ஒன்றேகால் இன்ச் துணி மடிந்து கிடந்தது.

பிளேடை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.